டோல்யோ சாகிக்குக் குதிகாலைத் திருப்புங்கள்

டேக்வாண்டோவில் டோல்யோ சாகி என்ற சுழற்றி அடிக்கும் உதையைப் பழகும்போது, தரையில் ஊன்றிய காலின் குதிகால் இலக்கைப் பார்க்கும்வரை அந்தப் பாதத்தைத் திருப்புங்கள். முன்பாதத்தில் எடையை வைத்து, குதிகாலை ஒரு காகிதம் நுழையும் அளவு தூக்கினாலே பாதம் லேசாகச் சுழலும். பாதம் திரும்பினால்தான் இடுப்பு திறக்கும், உதைக்கும் காலும் சிரமமில்லாமல் உயரும். இல்லாவிட்டால் அந்தத் திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கிவிடும். புதிதாகச் சேர்ந்த பலருக்கு வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செய்யுங்கள், வேகம் அப்புறம் வரட்டும்.

நேராக உதைக்கும் அப் சாகிக்கு இவ்வளவு திருப்பம் தேவையில்லை. சொரசொரப்பான சிமெண்ட் தரையில் வெறுங்கால் சரியாகச் சுழலாது, தோல்தான் உரியும். முழங்கால் வலி ஏற்கெனவே இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.