அகழாய்வுக் குழியில் மண்ணின் நிறத்தைப் பதிவது எப்படி

‘பழுப்பு மண்’ என்று மட்டும் பதிவேட்டில் எழுதுவது எழுதாததற்குச் சமம். மரக்கம்பம் மட்கிப் போன பிறகு, அது நின்ற இடத்தைப் பெரும்பாலும் நிற வேறுபாடுதான் காட்டிக்கொடுக்கும். தோண்டி முடித்தால் அதுவும் இருக்காது. ஆகவே எண்ணிட்ட நிறச்சில்லுகள் கொண்ட மன்செல் மண்நிற ஏட்டோடு ஒப்பிட்டு, எண்ணாகப் பதியுங்கள்.

கரணை இழுத்த பரப்பில் நிறம் பார்க்காதீர்கள். களிமண் அதில் வழவழப்பாகி வேறு நிறம் காட்டும். சிறு கட்டியை எடுத்துக் கையால் உடைத்து, உடைந்த முகத்தைப் பாருங்கள். காய்ந்திருந்தால் தெளிப்பானால் நீர் தெளியுங்கள். மேலும் தெளித்தாலும் நிறம் மாறவில்லை என்றால் போதும். பளபளத்தால் நீர் அதிகம்; மினுமினுப்பு அடங்கும்வரை பொறுங்கள்.

வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து ஏட்டின் மேல் நேராக விழ வேண்டும். அதிகாலையும் அந்தியும் மண்ணைச் செம்மையாக்கிக் காட்டும். நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே எடுத்த அளவை நம்பவே கூடாது. குளிர்கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்.

முதலில் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு பக்கமும் ஒரு சாயல், அதாவது சிவப்பு, மஞ்சள் போன்ற நிறவகை. பிறகு கட்டியைப் பக்கத்தின் பின்புறம் பிடித்து, துளை வழியே நிறச்சில்லுகளோடு ஒப்பிடுங்கள். சில்லில் மண் படக்கூடாது. மேலே போகப் போக வெளிர்வு கூடும், வலப்பக்கம் போகப் போகச் செறிவு, அதாவது நிறத்தின் அழுத்தம், கூடும். ‘10 ஒய்.ஆர். 4/3, ஈரம்’ என்றால் சாயல் 10 ஒய்.ஆர். (ஒய்.ஆர். என்பது மஞ்சள்–சிவப்பு), வெளிர்வு 4, செறிவு 3. இரண்டு சில்லுகளுக்கு நடுவே விழுந்தால் நெருக்கமானதை எழுதி, ‘சற்றுக் கருமை’ போன்ற குறிப்பைச் சேருங்கள்.

அதிகம் தவறுவது அந்த ‘ஈரம்’ என்ற சொல்தான். காய்ந்த மண் பெரும்பாலும் ஒன்றிரண்டு படி வெளிறித் தெரியும். ஒரு பகுதியை ஈரமாகவும் அடுத்ததைக் காய்ந்தும் அளந்தால், ஒரே மண்ணடுக்கு இரண்டாகப் பதிவாகிவிடும். குழி முழுவதும் ஈரத்தில் அளப்பதே நல்லது; அப்படியே செய்தாலும் ஒவ்வொரு பதிவிலும் நிலையை எழுதுங்கள்.

மண்ணில் வேறு நிறத் திட்டுகள் இருந்தால் சராசரி நிறம் தேடாதீர்கள். அடிநிறம் தனி, திட்டின் நிறம் தனி. திட்டின் அளவையும் பரப்பில் அதன் பங்கையும் சேர்த்து எழுதுங்கள். நீர் தேங்கிய சாம்பல் நிற மண்ணில் தாமதிக்கக் கூடாது. காற்றுப் பட்டால் அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, சில நிமிடங்களிலேயே பழுப்பேறத் தொடங்கலாம்.

குழி முழுவதையும் ஒருவரே அளப்பது நல்லது. ஆள் மாறினால், இருவரும் அதே சில அடுக்குகளைத் தனித்தனியே அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவரிடம் இந்த வேலையைத் தரலாகாது. பணி தொடங்கும் முன்பே பார்வையைச் சோதித்துவிடுங்கள்.