லயத்துக் காம்பராவுக்கு 12 வோல்ட் டிசி வயரிங்: முதல் தடவை செய்பவர்களுக்கு

இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்; ஒவ்வொரு வீடும் ஒரு காம்பரா) முதன்முதலாக சோலார் பூட்டியபோது, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த பல்ப் பளிச்சென்று எரிந்தது. பின்னால் குசினியில் இருந்த பல்ப் மங்கல், சின்ன ஃபேனும் சோர்ந்துதான் சுற்றியது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 12.5 வோல்ட், குசினியில் 11.1. நடுவில் இருந்தது 8 மீட்டர் மெல்லிய பெல் வயர் மட்டுமே. மீதி 1.4 வோல்ட் அந்த வயரிலேயே சூடாகப் போய்விட்டது.

ஏன் இப்படி? 30 வாட் சாமானுக்கு 230 வோல்ட்டில் 0.13 அம்பியர் போதும். 12 வோல்ட்டில் அதே வேலைக்கு 2.5 அம்பியர் ஓட வேண்டும். ஓட்டம் கூடினால் வயரில் இழப்பும் கூடும். 1882இல் எடிசன் நியூயோர்க்கில் ஏறக்குறைய 110 வோல்ட் நேரோட்டம் (டிசி, ஒரே திசையில் ஓடும் கரண்ட்) கொடுத்தபோதும் இதே தொல்லைதான். நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோவது கட்டுப்படியாகவில்லை.

முதலில் கணக்கு. ஒரு நாளைக்கு 30 வாட் 4 மணித்தியாலம் என்றால் 120 வாட் மணி, அதாவது 12 வோல்ட்டில் 10 அம்பியர் மணி. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும், ஆகவே 20 வேண்டும். தென்மேல் பருவ மழையில் நம் பக்கம் வெயிலே தெரியாத நாட்கள் வரும். இரண்டு நாளைக்காவது தாங்க 40 அம்பியர் மணி வாங்குங்கள்.

அடுத்தது வயர். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். செப்பு வயருக்கு இந்தக் கணக்கு போதும்: வயரில் இழக்கும் வோல்ட் = 0.036 × தூரம் (மீட்டர்) × அம்பியர் ÷ வயரின் குறுக்குவெட்டுப் பரப்பு (சதுர மில்லிமீட்டர்). போகவர இரண்டு வயரும் இதில் சேர்ந்துவிட்டன. என் பெல் வயர் 0.5: 0.036 × 8 × 2.5 ÷ 0.5 = 1.44 வோல்ட். மீட்டர் காட்டியதும் அதுதான். 2.5 வயர் போட்டால் 0.29. 0.36க்குள், அதாவது நூற்றுக்கு மூன்றுக்குள் நின்றால் நல்லது.

அப்புறம் பியூஸ். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 அம்பியர் பியூஸ் கட்டாயம் வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இரண்டு வயரும் உரசினால் பேட்டரி நூற்றுக்கணக்கான அம்பியரைத் தள்ளும், வயர் பழுத்துவிடும். ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரே கூரையில் வரிசையாக ஓடும் என்பது லயத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

சுவிட்சில் டிசி என்று குறித்திருக்கிறதா பாருங்கள். வீட்டுக் கரண்ட் ஒரு செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்துக்கு வந்து போவதால் சுவிட்சை அணைக்கும்போது பொறியும் தானாக அணைந்துவிடும். நேரோட்டத்தில் பொறி நீளும், முனை கருகும். 230 வோல்ட் பிளக்கடியை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம்; பிள்ளைகள் மாற்றிச் செருகிவிடுவார்கள்.

இனிப் பூட்டலாம். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், கடைசி வரை மாற்றாதீர்கள். பியூஸைக் கழற்றி வைத்துவிட்டு பேட்டரி வயர்களை முடுக்குங்கள், பிறகு பியூஸைப் போட்டுவிட்டு மற்றதைப் பூட்டுங்கள். சார்ஜ் கன்ட்ரோலருக்கு (பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் கரண்டை அளவாக வைக்கும் பெட்டி) முதலில் பேட்டரி, பிறகு சோலார் பேனல், கடைசியில் பல்ப்பும் ஃபேனும். கழற்றும்போது இதற்குத் தலைகீழ். பேட்டரியைக் காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வரும்.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு, தூரத்துப் பல்ப்பில் மீட்டரை வையுங்கள். வயரை மாற்றிய அன்று இரவு எங்கள் குசினியில் 12.2 காட்டியது.