வெட்டுத்துணி மூட்டையைக் காலி செய்து ஒட்டுப்போர்வை தைப்பது எப்படி?

தையல் அறையை ஒழுங்குபண்ணக் கிளம்பினால் பலரும் முதலில் டப்பா வாங்கத்தான் போகிறார்கள். டப்பாவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பிளவுஸ், சுடிதார், நைட்டி தைத்து மிஞ்சிய துணியை நிறவாரியாக எவ்வளவு அழகாக அடுக்கினாலும், அடுத்த முறை ஒரு சிவப்புத் துண்டைத் தேடும்போது மொத்தமும் கலைந்துவிடும். கைக்குழி வெட்டியது ஒரு வடிவம், கழுத்து வெட்டியது இன்னொரு வடிவம். எதுவும் எதனோடும் அடுக்கில் நிற்காது. எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டிவிட்டால் மூட்டையும் சுருங்கும், தைக்கவும் தயாராக இருக்கும்.

இங்கே அந்த அளவு 2½ இஞ்ச் அகலம், 6½ இஞ்ச் நீளம். மூன்று பட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் ஒரு சதுரக் கட்டம். 144 பட்டையில் 48 கட்டம் சேர்ந்தால் 36க்கு 48 இஞ்சில் ஒரு போர்வை. தரையில் விரித்துக் குழந்தையோடு விளையாடவோ, உட்கார்ந்திருக்கும்போது மடியில் போட்டுக்கொள்ளவோ போதும். மெஷினில் நூல் கோர்க்கவும் நேராக ஓட்டவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. பிரிப்பது

மூட்டையைத் தரையில் கொட்டுங்கள். உள்ளங்கையைவிடச் சின்னது எல்லாம் ஒரு பக்கம். அது ஊசிமெத்தைக்குள் அடைக்க ஆகும், இல்லாவிட்டால் குப்பை. ஜார்ஜெட், கிரேப், நெட், ஜரிகை, டீ-ஷர்ட் துணி இதற்கு வேண்டாம். மிச்சத்தில் பருத்தி எது என்று சந்தேகம் இருந்தால் நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான உருண்டையாக நிற்கும். இரண்டும் கலந்த துணியில் இரண்டுமே கொஞ்சம் தெரியும். அதையும் ஒதுக்குங்கள்; பருத்திக்கு வைக்கும் இஸ்திரிச் சூட்டில் அது சுருண்டுவிடும்.

பருத்தித் துண்டுகளை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு, வாயைக் கட்டி அலசுங்கள். லைனிங் துணி நன்றாகச் சுருங்கும். போர்வையான பிறகு சுருங்கினால் பக்கத்துத் துணியையும் இழுத்துக்கொள்ளும். சிவப்பு, மெரூன், கருநீலத்தைத் தனியாக நனைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், அதை நம்பாதீர்கள். இரண்டு மூன்று அலசலுக்குப் பிறகும் சாயம் விடும் துணி இந்த வேலைக்கு ஆகாது.

வாடிக்கையாளர்களுக்குத் தைத்துக் கொடுப்பவர்கள் மிச்சத் துணியைக் கேட்காமல் வைத்துக்கொள்ள வேண்டாம். தைத்த உடுப்போடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். மூட்டையில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

2. வெட்டுவது

உருளும் கத்தியும், அடியில் வைத்து வெட்டும் பச்சை நிற விரிப்பும் இருந்தால் வேகம்தான். ஆனால் ஆரம்பத்திலேயே அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பெயர்ப்பலகை செய்யும் கடையில் 3 மி.மீ. அக்ரிலிக்கில் 2½க்கு 6½ இஞ்ச் ஒரு துண்டும், 6½க்கு 6½ சதுரம் ஒன்றும் வெட்டித் தரச் சொல்லுங்கள். வாங்கும்போதே அளந்து பாருங்கள். அட்டையில் செய்த அச்சு வேண்டாம். சாக்பீஸ் உரசி உரசி ஓரம் தேயும், ஐம்பதாவது பட்டை முதல் பட்டையைவிடச் சின்னதாக வரும்.

அச்சின் நீளவாக்கு துணியின் நூலோட்டத்தோடு போக வேண்டும். கைக்குழி, கழுத்து மிச்சங்களில் எந்தப் பக்கம் நேர் என்று தெரியாது. ஓரத்தில் சின்னதாகக் கத்தரித்துக் கிழியுங்கள். பருத்தி நூலோட்டத்திலேயே கிழியும், அந்த விளிம்பில் அச்சை வையுங்கள். கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய பட்டை, தைக்கும்போது ரப்பர் மாதிரி நீளும்.

வெட்டியதை வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று கட்டாக்குங்கள். ஒவ்வொன்றிலும் 48. ஒரு துணி எதில் சேரும் என்று குழப்பமாக இருந்தால் போனில் கருப்பு-வெள்ளைப் படம் எடுத்தால் தெரிந்துவிடும். இந்த மூன்று கட்டும் ஒரு கிலோ ஸ்வீட் டப்பா மூன்றில் அடங்கும்.

3. கால் இஞ்ச் தையல்

போர்வை கோணிப்போவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் இதை நிதானமாகப் படியுங்கள்.

பிளவுஸ் தைக்கும்போது அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் என்று தாராளமாக உள்ளே விட்டுப் பழகிய கை நம்முடையது. இங்கே சரியாகக் கால் இஞ்ச்தான். மெஷின் ஃபுட்டின் ஓரத்தை அளவாக வைத்து ஓட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஊசியிலிருந்து அந்த ஓரம் வரை மெஷினுக்கு மெஷின் வேறுபடும். ஒரு நூல் என்பது 1/8 இஞ்ச். தையல் அரை நூல் உள்ளே போனால், இரண்டு துணியிலும் சேர்த்து ஒரு நூல் குறையும். மூன்று பட்டை சேரும் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு தையல், ஆக இரண்டு நூல், அதாவது கால் இஞ்ச். 6½ சதுரமாக வர வேண்டிய கட்டம் 6¼க்கு 6½ ஆகிவிடும். கட்டங்களைத் திருப்பித் திருப்பி வைக்கப் போவதால், 6¼ பக்கம் 6½ பக்கத்தோடு வந்து நிற்கும். இழுத்துத் தைப்பீர்கள், போர்வை நடுவில் உப்பும்.

சரிசெய்ய, பள்ளிப் பிள்ளைகளின் மில்லிமீட்டர் கிராஃப் தாள் ஒன்று போதும். வலது ஓரத்தைத் தடித்த கோட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஆறு சின்னக் கட்டம் உள்ளே எண்ணி, அந்தக் கோட்டின் மேல் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை இறக்குங்கள். கால் இஞ்ச் 6.35 மி.மீ. அல்லவா, 6 எதற்கு என்றால், தையலை மடித்து இஸ்திரி போடும்போது மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்னும். அந்த மிச்சம் அதற்கு. தாள் நேராக நிற்கிறதா என்று பார்த்து ஃபுட்டை இறக்கி, தாளின் வலது ஓரத்தை ஒட்டி, காலாவதியான ஏடிஎம் கார்டில் வெட்டிய ஒரு பட்டையை டபுள் சைடு டேப்பால் மெஷின் தட்டில் ஒட்டிவிடுங்கள். வெறும் டேப்பைவிட இது மேல், துணி வந்து முட்டி நிற்கும். ஊசிக்கு அடியில் துணியை நகர்த்தும் பல்லின் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வீணான பட்டையைத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 2 இஞ்ச், மொத்தம் 6½ இஞ்ச் வர வேண்டும். வராவிட்டால் கார்டை ஒரு மயிரிழை நகர்த்தி மறுபடியும் பாருங்கள். இது சரியாகும்வரை நல்ல துணியைத் தொடாதீர்கள்.

4. கட்டம்

14ஆம் நம்பர் ஊசி, இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல். வெளிரும் நடுத்தரமும் சேர்த்து 48 ஜோடியையும் நூல் அறுக்காமல் வரிசையாக ஓட்டுங்கள். முதலில் ஒரு வீண் துணியில் தொடங்கி அதிலிருந்து பட்டைக்குப் போனால், ஆரம்பத்தில் மெஷின் துணியை உள்ளே இழுக்காது. பிறகு பிரித்து, நடுத்தரத்தை ஒட்டி அடர்பட்டையைச் சேருங்கள். இரண்டாவது தையலை எதிர்த்திசையில் ஓட்டினால் கட்டம் வில் போல வளையாது.

இஸ்திரிப்பெட்டியை இழுக்க வேண்டாம். வைத்து, அழுத்தி, எடுங்கள். தையல் மடிப்பு அடர் நிறத்தின் பக்கம் சாயட்டும். கடைசியாகச் சதுர அச்சை வைத்து ஒவ்வொன்றையும் சரிபாருங்கள்.

5. அடுக்குவது

வரிசைக்கு 6 கட்டம், 8 வரிசை. ஒரு கட்டத்தின் பட்டைகள் நெடுக்காக, அடுத்தது குறுக்காக. அடர்பட்டை நெடுக்கில் எப்போதும் வலப்பக்கம், குறுக்கில் எப்போதும் கீழே இருந்தால் படிக்கட்டு போல ஓடும். பட்டைத் தையல்கள் பக்கத்துக் கட்டத்துத் தையல்களோடு பொருந்த வேண்டியதே இல்லை, மூலைகள் மட்டும் சேர்ந்தால் போதும். புதியவர்களுக்கு இந்த டிசைனைச் சொல்வது அதனால்தான். ஒற்றைப்படை வரிசையின் மடிப்பை வலப்பக்கமும் இரட்டைப்படை வரிசையின் மடிப்பை இடப்பக்கமும் சாயுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் தாமாகக் கவ்விக்கொள்ளும்.

6. மூன்று அடுக்கு

அடித்துணிக்குக் கஞ்சி போக அலசிய நாலு முழ வேட்டி நல்லது. 41க்கு 53 இஞ்ச் வேண்டும், சுற்றிலும் இரண்டு இஞ்ச் கூடுதலாக இருக்க. நடுவில் என் ஓட்டு பழைய பருத்திப் பெட்ஷீட்டுக்குத்தான். பாலியஸ்டர் ஃபைபர் ஷீட் பார்க்கப் பொசுபொசுவென்று இருக்கும், ஆனால் நம் ஊர் வெயிலுக்குப் புழுங்கும்.

வேட்டியைத் தரையில் இழுத்து டேப் ஒட்டி, மேலே பெட்ஷீட், அதன்மேல் தைத்த துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கைமுட்டி அளவு இடைவெளியில் சேஃப்டி பின் குத்துங்கள். 16ஆம் நம்பர் ஊசி, இஞ்சுக்கு எட்டுத் தையல், நடுவரிசையில் தொடக்கம். கட்டங்கள் சேரும் கோட்டிலேயே ஓட்டலாம், ஆறு இஞ்சுக்கு ஒரு தையல் வரும். பெட்ஷீட் வைத்த போர்வைக்கு அது போதும். மேல்துணி மட்டும் முன்னால் தள்ளிச் சுருங்கினால், ஃபுட் கம்பிக்கு மேலே இருக்கும் அழுத்தத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். மெஷினே ஒத்துவரவில்லை என்றால் கையால் ஓட்டுத்தையல் போடலாம். வங்காளத்துக் காந்தா முழுக்க அப்படித்தான்.

7. ஓரப்பட்டை

சுற்றளவு 168 இஞ்ச், மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 180. 44 இஞ்ச் அகலத் துணியில் 2½ இஞ்சில் ஐந்து பட்டை. நாலில் முடியாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டைகளைச் சாய்வாக இணைத்து, இரண்டாக மடித்து, முன்பக்கம் கால் இஞ்சில் தையுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் முன்பே நிறுத்தி நூலை அறுத்து, பட்டையை மேலே மடித்து, திரும்பக் கீழே மடித்து, ஓரத்திலிருந்து தொடங்குங்கள். பின்பக்கம் கையால் மறைதையல்.

பின்சேர்க்கை: ஃபைபர் ஷீட் வைத்தவர்கள் சிலர், அலசிய பிறகு உள்ளே கட்டிகட்டியாகச் சேர்ந்துகொண்டது என்கிறார்கள். ஷீட் வைத்தால் இடைத்தையல் மூன்று நாலு இஞ்சுக்கு ஒன்றாவது வேண்டும், கட்டக் கோட்டில் மட்டும் போட்டால் போதாது.

இன்னொன்று: பட்டு பிளவுஸ் மிச்சத்தைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். இந்தப் போர்வையில் வேண்டாம், துவைக்கத் துவைக்க அது முதலில் நையும். அந்தத் துண்டுகளுக்குப் பின்னால் ஒட்டுக் கேன்வாஸ் வைத்து, தாம்பூலப் பைக்கு எடுத்து வையுங்கள்.