ஒன்பதாவதுல பிள்ளைய சேர்க்கப் போறீங்களா? டீம் இருக்கான்னு முதல்ல கேளுங்க

ஒன்பதாவது போற வயசுல பிள்ளைய வச்சுக்கிட்டு அமெரிக்கா வர்றவங்களுக்காக இத எழுதுறேன், நான் டாலஸ் பக்கம் இருக்கிறதால டெக்சஸ் விஷயம்தான் அதிகம் வரும். தடுப்பூசி பேப்பர், வீட்டு லீஸ், கரண்ட் பில், பழைய மார்க்‌ஷீட் இதெல்லாம் ஸ்கூல் வெப்சைட்லயே போட்டிருப்பாங்க, பாத்துக்கலாம். நான் சொல்ல வர்றது டீம் பத்தி, விளையாட்டு டீம் இல்ல, ஒன்பதாவது பிள்ளைங்கள சின்ன குரூப்பா பிரிச்சு ஒரே டீச்சர்ஸ்கிட்ட விடுற ஏற்பாடு.

நம்ம ஊர்ல ஒன்பதாவது பி செக்‌ஷன்னா அதுக்குனு ஒரு ரூம், வருஷம் முழுக்க அதே பசங்க, டீச்சர்ஸ்தான் மாறி மாறி வருவாங்க. இங்க தலைகீழ். டீச்சர் அவங்க ரூம்லயே இருப்பாங்க, பெல் அடிச்சா பிள்ளைதான் ஓடணும், கணக்குல பக்கத்துல உக்காந்தவன் சயின்ஸ்ல இருக்க மாட்டான், லஞ்ச்லயும் இருக்க மாட்டான், மொத்தத்துல "நம்ம செக்‌ஷன்"னு ஒண்ணே கிடையாது. என் பொண்ணு முதல் ரெண்டு மாசம் லஞ்ச் டைம்ல லைப்ரரில தனியா உக்காந்திருக்கா, ஸ்கூல் எப்படிடான்னு கேட்டா ஓகேம்பா, டப்பா அப்படியே திரும்பி வர ஆரம்பிச்சப்புறம்தான் எங்களுக்கே புரிஞ்சது. இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு.

இதுக்காகத்தான் ஸ்மால் லேர்னிங் கம்யூனிட்டினு ஒண்ணு இங்க வந்துச்சு. ஆயிரம் பேருக்கு மேல படிக்கிற ஹைஸ்கூல்களுக்கு இத ஆரம்பிக்க 2000லேர்ந்து கொஞ்ச வருஷம் மத்திய அரசே காசு குடுத்துச்சு. விஷயம் சிம்பிள், ஒரு நூறு நூத்தம்பது பிள்ளைங்கள ஒரு குரூப்பாக்கி இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், சோஷியல் நாலுக்கும் அவங்களுக்கு அதே நாலு டீச்சர்ஸ். அந்த நாலு பேரும் சேர்ந்து உக்காந்து பேசுறதுக்குனே ஒரு பீரியட் ஒதுக்குவாங்க, அதனால ஒரு பிள்ளை ரெண்டு பாடத்துல ஒரே வாரம் ஹோம்வொர்க் குடுக்கலன்னா அது உடனே கண்ணுல படும். பேரு ஊருக்கு ஊர் மாறும், ஃப்ரெஷ்மன் அகாடமி (ஃப்ரெஷ்மன்னா ஒன்பதாவது பிள்ளை), ஹவுஸ், டீம்னு. டாலஸ் பக்கத்துல ஆலன்ங்கற ஊர்ல ஒன்பதாவதுக்குனே லோவரி ஃப்ரெஷ்மன் சென்டர்னு தனி கேம்பஸ் இருக்கு, பக்கத்து ஊர் பிளேனோல ஒன்பதும் பத்தும் ஒரு ஸ்கூல், பதினொண்ணு பன்னெண்டு சீனியர் ஹைஸ்கூல். ஆனா தனி பில்டிங்க மட்டும் பாத்து திருப்திப்படாதீங்க, உள்ள டீம் இருக்கா, அந்த டீச்சர்ஸ் சேர்ந்து பேசுறாங்களான்னு கவுன்சிலர்கிட்ட (பிள்ளையோட பாடம், டைம்டேபிள் எல்லாம் பாத்துக்கற ஸ்கூல் ஆள்) நேரா கேளுங்க.

ஒன்பதாவதுதானே, பத்துல பாத்துக்கலாம்ங்கற நம்ம ஊர் கணக்கு இங்க செல்லாது. காலேஜுக்குப் போற ஜிபிஏ, அதாவது மொத்த மார்க் சராசரி, ஒன்பதுலேர்ந்தே எண்ணுவாங்க. டெக்சஸ்ல டிப்ளமாவுக்கு (ஹைஸ்கூல் முடிச்சதுக்கான சர்டிஃபிகேட்) 22 கிரெடிட், அதாவது பாடம் பாஸானா கிடைக்கிற புள்ளி, எண்டார்ஸ்மென்ட்டோடனா (ஒரு துறைய தேர்ந்தெடுத்து அதுல கூடுதலா படிக்கிறது) 26, அந்த எண்டார்ஸ்மென்ட்டயே ஒன்பதாவது நுழையறப்பவே எழுதிக் குடுக்கணும். ஒன்பதாவத ஒழுங்கா முடிச்ச பிள்ளைங்க நாலு வருஷத்துல ஹைஸ்கூல் முடிக்கிற வாய்ப்பு, தடுமாறினவங்கள விட மூணரை மடங்கு அதிகம்னு சிகாகோ யுனிவர்சிட்டி ஆராய்ச்சிக்காரங்க 2005லயே அந்த ஊர் ஸ்கூல்கள வச்சு கண்டுபிடிச்சிருக்காங்க.

இன்னொண்ணு, நம்மாளுங்க நிறைய பேர் பண்றது. பிள்ளைய எப்படியாவது மேல் லெவல் கணக்குல போடுங்கன்னு கவுன்சிலர்கிட்ட நிப்போம். போடுங்க, தப்பில்ல, ஆனா அந்த ஒரு பீரியடுக்காக மொத்த டைம்டேபிளும் மாறி பிள்ளை டீம விட்டே வெளிய போயிடுமான்னு கேட்டுட்டு கையெழுத்து போடுங்க. எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு, திரும்ப உள்ள கொண்டு வர அக்டோபர் கடைசி ஆயிடுச்சு. நடுவருஷத்துல வர்றவங்களும் கேக்கணும், கேக்கலன்னா எங்க சீட் காலியோ அங்க போட்டுருவாங்க.

ஆகஸ்ட்ல கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நிறைய ஸ்கூல்ல ஃபிஷ் கேம்ப்னு ஒண்ணு வைப்பாங்க, ஒன்பதாவது பிள்ளைங்கள இங்க ஃபிஷ்னுதான் கூப்பிடுவாங்க. முடிஞ்சா அதுக்கு முன்னாடியே வந்து சேர்ற மாதிரி டிக்கெட் போடுங்க, முந்தாநாள்தான் ஃப்ளைட்ல இறங்கி தூக்கம் சரியாகலன்னாலும் பிள்ளைய அனுப்பிடுங்க, லஞ்ச்ல யார் பக்கத்துல உக்காரலாம்னு ஒரு முகமாவது அங்க தெரிஞ்சிருக்கும்.