கொலோனியாவும் கார்மெலோவும்: உருகுவே பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் விரைவுப் படகு ஏறினால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் உருகுவேயின் கொலோனியா தெல் சாக்ரமெந்தோவில் இறங்கிவிடலாம். இதை நம்பிப் பலர் பழைய நகரத்தையும் கார்மெலோ ஊரின் ஒயின் திராட்சைத் தோட்டங்களையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டம் போடுகிறார்கள். நடக்காது. கார்மெலோ சுமார் 75 கி.மீ. தள்ளி இருக்கிறது, தோட்டங்களோ ஊருக்கு வெளியே. கொலோனியாவில் ஓர் இரவு, கார்மெலோவில் ஓர் இரவு தங்குங்கள்.

வாடகைக் கார் எடுப்பது அடுத்த தவறு. 2016 முதல் ஓட்டுநரின் ரத்தத்தில் ஆல்கஹால் துளியும் இருக்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். அரைக் கோப்பை சுவைத்தாலும் ஓட்டக் கூடாது. டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள். தோட்டங்களுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், முக்கியமாக பிப்ரவரி, மார்ச் அறுவடைக் காலத்தில்.

இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புவெனஸ் அயர்ஸ் துறைமுகத்திலேயே முடிந்துவிடும். அதனால் கவுன்டர் சீக்கிரமே மூடிவிடும். கடைசி அரை மணியில் ஓடினால் படகு போய்விடும். அர்ஜென்டினா விசா ஒரே முறை நுழைவதற்கானது என்றால், கொலோனியா போனபின் அதை வைத்துத் திரும்ப முடியாது.

பழைய நகரத்துக்குள் சக்கரப் பெட்டியை இழுத்துப் போகாதீர்கள். மேடும் பள்ளமுமான கற்கள் சக்கரத்தைப் பிய்த்துவிடும். பெருமூச்சுத் தெருவில் (காயே தெ லோஸ் சுஸ்பிரோஸ்) எல்லாரும் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து தரையைப் பாருங்கள்: கற்கள் இருபுறமிருந்தும் நடுவை நோக்கிச் சரிகின்றன, மழைநீர் நடுவில் ஓடுகிறது. அது போர்ச்சுகீசியர் முறை. ஸ்பானியர் போட்ட தெருக்களில் நீர் ஓரங்களில் வடியும். 1680-இல் போர்ச்சுகீசியர் நிறுவிய இந்த ஊர் ஏறக்குறைய நூறு ஆண்டு இரு தரப்புக்கும் கைமாறிக்கொண்டே இருந்தது. அந்தச் சண்டையின் தடம் காலடியிலேயே இருக்கிறது. 1995-இல் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மாலைப் படகில் திரும்புகிறவர்கள் இழப்பது கொலோனியாவை ஒட்டிய ஆற்றின் மேல் விழும் சூரியனை. ஜூனில் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும், டிசம்பரில் எட்டு மணியாகும். படகு நேரத்தை அதற்கேற்பப் பாருங்கள்.

பழக்கதோஷத்தில் மால்பெக் ஒயின் கேட்காதீர்கள், அது அர்ஜென்டினாவின் பெருமை. உருகுவேயின் ஒயின் திராட்சை தன்னாத். தோலில் துவர்ப்பு அதிகம் என்பதால் வெறும் வாயில் குடித்தால் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். பலர் அத்தோடு ஒதுக்கிவிடுகிறார்கள். சுட்ட மாட்டிறைச்சியோடு குடித்தால் அந்தத் துவர்ப்பு அடங்கும். இறைச்சி சாப்பிடாதவர்கள் ‘கேசோ கொலோனியா’ கேளுங்கள். துளைகள் விழுந்த மஞ்சள் பாலாடைக்கட்டி. அதே மாகாணத்து ஊரான நுவெவா எல்வெசியாவில் 1862-இல் குடியேறிய சுவிஸ் மக்கள் தந்தது.