முதன்முறை காமினோ போகிறவர்களுக்கு: ஓ செப்ரெய்ரோவிலிருந்து சந்தியாகோவுக்கு எட்டு நாள் நடை

காமினோ தெ சந்தியாகோ (ஸ்பெயினின் சந்தியாகோ நகருக்குப் போகும் யாத்திரைப் பாதை) என்று தேடினால், பிரான்ஸ் எல்லையில் ஸேன்-ழான்-பியே-தெ-போர் என்ற சிற்றூரில் தொடங்கி ஸ்பெயினின் வடபகுதியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்கும் 780 கி.மீ. பாதைதான் முதலில் கண்ணில் படும். அதை நடந்து முடிக்க 30 முதல் 35 நாள் ஆகும். அத்தனை நாள் லீவு கேட்டால் மேனேஜர் ராஜினாமாக் கடிதத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கச் சொல்வார். அதனால் இரண்டு வார லீவுக்குள் அடங்கும் ஒரு பகுதியை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பாதை முடியும் இடம் கலீசியா மாநிலத்தின் சந்தியாகோ பேராலயம். இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாக ஒன்பதாம் நூற்றாண்டில் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் நடந்து வருகிறார்கள். தங்கச்சிமடத்திலும் யாழ்ப்பாணம் குருநகரிலும் சந்தியாகப்பர், யாகப்பர் என்று கோயில் கட்டி, ஜூலை 25 அன்று திருநாள் கொண்டாடுகிறோமே, அதே புனிதர்தான்.

வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போய்ப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கூட்டம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். இரவில் நடப்போம், வழியில் யாராவது சாப்பாடு போடுவார்கள். காமினோவில் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் நடக்கிறார்கள். பகலில் நடை, மாலையில் படுக்கை, செலவு அவரவர் பையிலிருந்து. வெறுங்காலோடு நடப்பவர்களைப் பார்ப்பது அரிது.

படி 1: எங்கே தொடங்குவது?

வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை "ஸாரியாவில் தொடங்குங்கள்" என்பது. நடந்து வந்ததற்கான சான்றிதழ் பெற (இதன் பெயர் கொம்போஸ்தெலா) குறைந்தது 100 கி.மீ. நடந்திருக்க வேண்டும். ஸாரியாவிலிருந்து சந்தியாகோ சுமார் 115 கி.மீ., ரயிலும் அந்த ஊர் வரை வருகிறது. 2024-இல் இந்தச் சான்றிதழ் வாங்கியவர்கள் ஐந்து லட்சத்தை நெருங்கினார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஸாரியாவில்தான் முதல் அடி வைத்தவர்கள். விளைவு, முதல் நாளே வரிசையில் நடப்பது போன்ற கூட்டம்.

என் யோசனை, இரண்டு நாள் நடைதூரம் பின்னால் போய் ஓ செப்ரெய்ரோவில் தொடங்குங்கள். 1,300 மீட்டர் உயரத்தில், வட்டமான கல்வீடுகளும் வைக்கோல் கூரையுமாக இருக்கும் மலை ஊர் இது. முதல் இரண்டு நாளும் அமைதியாகப் போகும். ஸாரியாவின் கூட்டத்தில் கலக்கும்போது உங்கள் கால் பழகியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. வழியெல்லாம் நீங்கள் பார்க்கப்போகும் மஞ்சள் அம்புக்குறிகளை 1984-இல் வரையத் தொடங்கிய எலியாஸ் வாலின்யா இந்த ஊரின் பங்குத்தந்தையாக இருந்தவர். அழிந்துகொண்டிருந்த பாதைக்கு மறுபடி ஆள் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தேவாலயத்துக்கு அருகே அவருடைய மார்பளவுச் சிலை உண்டு.

படி 2: எப்போது போவது?

மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர். ஜூலையிலும் ஆகஸ்டிலும் படுக்கைக்கு அடிதடி. குளிர்காலத்தில் மலையில் பனி விழும், தங்குமிடங்கள் பலவும் மூடிவிடும். எந்த மாதம் போனாலும் கலீசியாவில் மழை பெய்யும், அதற்குத் தயாராகவே போங்கள். ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு புனித ஆண்டு. அடுத்தது 2027. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த ஆண்டைத் தவிர்க்கலாம், அருள் தேடிப் போகிறவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

படி 3: விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதிக நாள் ஸ்பெயினில் இருப்பதால் ஸ்பெயினுக்கே விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்க அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். விசாவுக்கு ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்று காட்ட வேண்டும். ஆனால் அரசு யாத்ரீகர் விடுதிகள் முன்பதிவு எடுக்காது. ஆகவே கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய தனியார் விடுதிகளை எல்லா இரவுக்கும் பதிவு செய்து, கூடவே நாள்வாரியாக ஊர், தூரம் எழுதிய ஒரு பக்கத் திட்டத்தையும் இணையுங்கள். கீழே படி 7-இல் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: காலணியும் காலும்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். காமினோவைப் பாதியில் விடுகிறவர்களில் பலரை நிறுத்துவது கால் கொப்புளம்தான்.

நீளமாக நடந்தால் பாதம் வீங்கும். அதனால் வழக்கமான அளவைவிட அரை அளவோ ஓர் அளவோ பெரிய காலணி வாங்குங்கள். மலையேறும் கனமான பூட்ஸ் இந்தப் பாதைக்குத் தேவையில்லை, மண்பாதைக்கான டிரெயில் ஷூ போதும். அதையும் ஊரிலேயே வாரக்கணக்கில் போட்டு நடந்து பழக்குங்கள். புது ஷூவோடு விமானம் ஏறுவது வேண்டாம். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி வாங்குங்கள். விலை அதிகம்தான், இந்தப் பயணத்தில் யோசிக்காமல் செய்ய வேண்டிய செலவு அது.

தினமும் கிளம்பும் முன் விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் தடவுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து காலணியைக் கழற்றிப் பாதத்துக்குக் காற்று காட்டுங்கள். எங்காவது சூடாக உரசுவது தெரிந்தால் அந்த நிமிடமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அடுத்த ஊருக்குள் அது கொப்புளமாகிவிடும். வழியில் எல்லா மருந்துக்கடையிலும் ஜெல் பிளாஸ்டர் கிடைக்கும். ஒட்டிய பின் தானாக உரியும் வரை பிடுங்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். கொப்புளத்துக்குள் ஊசியால் நூல் கோத்து விடுங்கள் என்று சக நடையாளர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள், சீழ் பிடிக்க அது நல்ல வழி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிடுங்கள்.

பயிற்சிக்கு, இரண்டு மூன்று மாதம் முன்பிருந்து வாரக் கடைசியில் 12, 15, 18 கி.மீ. என்று கூட்டிக்கொண்டே போங்கள். கடைசி மாதம் முதுகுப்பையோடு நடங்கள். சமதளத்தில் மட்டும் நடந்தால் போதாது. படி ஏறுவதைவிட இறங்குவதைப் பழக்குங்கள், முதல் நாள் பாதையில் முட்டிக்குத்தான் வேலை.

படி 5: பையில் என்ன?

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 65 கிலோ ஆள் என்றால், தண்ணீர் சேர்த்து ஆறரை கிலோ. போட்டிருப்பது தவிர இரண்டு செட் துணி, மழைக்கோட்டு, லேசான ஸ்வெட்டர், மெல்லிய உறக்கப் பை, விடுதியில் போட ரப்பர் செருப்பு, சீக்கிரம் உலரும் துண்டு, தலைவிளக்கு, ஊன்றுகோல். ஊன்றுகோலைச் செக்-இன் பையில் போடுங்கள், கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள். காதடைப்பான் மறக்கவே கூடாது. ஒரே கூடத்தில் முப்பது பேர் தூங்கும்போது நாலு நாட்டுக் குறட்டை கேட்கும்.

பருப்புப்பொடி ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துக்கொள்ளலாம். நெய் வேண்டாம், பால் பொருட்களை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. ஊறுகாய் பாட்டிலைச் சுமக்க ஆசையிருந்தால், அந்த எடைக்கு எதை விடப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

முதுகு ஒத்துழைக்காதவர்களுக்காகப் பையை அடுத்த ஊர் விடுதிக்கு வேனில் அனுப்பும் சேவை உண்டு. ஒரு நாளைக்கு ஐந்தாறு யூரோ. இப்படி அனுப்பினாலும் சான்றிதழ் கிடைக்கும். இதைக் குறைவாகப் பேசுகிறவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 6: கிரெதென்சியால்

யாத்ரீகரின் பாஸ்போர்ட் போன்ற மடிப்பு அட்டை. சில யூரோவுக்குப் பேராலயங்களிலும் வழியிலுள்ள விடுதிகளிலும் கிடைக்கும். விடுதி, தேவாலயம், காப்பிக்கடை எல்லாவற்றிலும் முத்திரை இருக்கும். நாளுக்குக் குறைந்தது இரண்டு முத்திரை, தேதியோடு. அரசு யாத்ரீகர் விடுதியில் இடம் கொடுக்க இந்த அட்டை கட்டாயம், சான்றிதழுக்கும் இதுதான் ஆதாரம். நனையாமல் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

படி 7: எட்டு நாள் திட்டம்

மாட்ரிட்டிலிருந்து கலீசியா போகும் பஸ்ஸில் பெத்ராஃபீத்தா தோ செப்ரெய்ரோவில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸியில் மலையேறுங்கள். அன்றிரவு ஓ செப்ரெய்ரோவில் தங்கல்.

நாள் 1, திரியாகாஸ்தெலா வரை 21 கி.மீ. வழியில் 1,335 மீட்டர் உயரமுள்ள ஆல்தோ தோ போயோ. அதன்பின் கீழே கீழே என்று இறக்கம். அவசரப்படாமல், அடியைச் சின்னதாக வைத்து இறங்குங்கள்.

நாள் 2, ஸாரியா வரை. திரியாகாஸ்தெலா ஊர் எல்லையில் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் ஸான் ஷில் வழி 18 கி.மீ., இடப்பக்கம் ஸாமோஸ் வழி 25 கி.மீ. நான் ஸாமோஸைத்தான் சொல்வேன். ஸ்பெயினின் மிகப் பழைய மடங்களில் ஒன்று அங்கே ஆற்றங்கரையில் இருக்கிறது, இன்றும் துறவிகள் வாழ்கிறார்கள்.

நாள் 3, போர்த்தோமரீன் 22 கி.மீ. கலீசியாவில் வழிக்கற்கள் மீதித் தூரத்தை மூன்று தசம இலக்கம் வரை சொல்லும். ஃபெர்ரெய்ரோஸ் ஊர்ப் பக்கம் 100 கி.மீ. கல் வரும், அங்கே படம் எடுக்க வரிசை நிற்கும். போர்த்தோமரீன் பழைய ஊர் 1960-களில் அணைநீரில் மூழ்கிப்போனது. அதற்கு முன் கோட்டை போன்ற ஸான் நிகோலாஸ் தேவாலயத்தைக் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். சுவரில் கல்லுக்கு இட்ட எண்கள் இன்னும் தெரியும், தேடிப் பாருங்கள்.

நாள் 4, பாலாஸ் தெ ரெய் 25 கி.மீ. நீளமான நாள், பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை.

நாள் 5, மெலீதே 15 கி.மீ. நாள் 6, அர்ஸுவா 14 கி.மீ. பலர் இவ்விரண்டையும் ஒரே நாளில் முடிப்பார்கள். முதன்முறை போகிறவர்கள் பிரித்துக்கொள்வது நல்லது, பாதம் ஆற இந்த இரண்டு அரை நாட்கள்தான் கிடைக்கும். மெலீதேயின் பெயர்பெற்ற உணவு ஆக்டோபஸ். வேகவைத்து வெட்டி, ஆலிவ் எண்ணெயும் மிளகாய்த்தூளும் தூவி மரத்தட்டில் தருவார்கள்.

நாள் 7, ஓ பெத்ரௌஸோ 19 கி.மீ., யூகலிப்டஸ் காடு. நாள் 8, சந்தியாகோ 20 கி.மீ. விமான நிலையத்தைச் சுற்றிக்கொண்டு மோன்தே தோ கோஸோ மேட்டுக்கு வந்தால் பேராலயக் கோபுரங்கள் தூரத்தில் தெரியும்.

படி 8: ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஆறரை, ஏழுக்குக் கிளம்பி, ஒரு மணிக்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள். கலீசியா அரசு விடுதிகள் பகல் ஒரு மணிக்குத் திறக்கும். முன்பதிவு இல்லை, முதலில் வந்தவருக்கு முதலில். படுக்கை சுமார் 10 யூரோ. ஒரே இரவுதான் தங்கலாம், இரவு பத்துக்கு விளக்கு அணையும். அங்கே சமையலறை இருக்கும், பாத்திரம் பெரும்பாலும் இருக்காது! சோறு பொங்கும் திட்டத்தோடு போகிறவர்கள் கவனிக்க.

ஸ்பெயினில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குமேல்தான். யாத்ரீகருக்கென்று ஏழு மணிக்கே போடும் கடைகளும் உண்டு. மூன்று வகையோடு 12 முதல் 15 யூரோ. சைவக்காரர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் சூரை மீன் போட்ட சாலட் வரும். "ஸின் கார்னே, ஸின் ஹமோன், ஸின் பெஸ்காதோ" என்று இறைச்சி, பன்றித்தொடை, மீன் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கால்தோ கலியேகோ என்ற கீரை சூப்பைப் பன்றிக்கொழுப்புச் சேர்த்துத்தான் வைப்பார்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு தோர்த்தில்யா (தடித்த ஆம்லெட்) எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

எதிர்ப்படும் எல்லோரிடமும் "புவென் கமீனோ" (நல்ல பயணம்) என்று சொல்லுங்கள். அவசரத்துக்கு 112.

சைக்கிளில் போகிறவர்களுக்கு

சான்றிதழுக்கு 200 கி.மீ. வேண்டும், எனவே போன்ஃபெர்ராதாவில் தொடங்குங்கள். அங்கிருந்து சுமார் 205 கி.மீ. ஓ செப்ரெய்ரோ ஏற்றம் இரண்டாம் நாளே வந்துவிடும். அதற்கு நடைபாதையை விட்டுத் தார்ச்சாலையைப் பிடியுங்கள். அரசு விடுதிகளில் நடந்து வருகிறவர்களுக்கே முதலிடம், ஆகவே தனியார் விடுதியைப் பதிவு செய்வது நல்லது. மணி கட்டாயம் வேண்டும். இறக்கத்தில் சத்தமில்லாமல் பின்னாலிருந்து வரும் சைக்கிள்மேல் நடப்பவர்களுக்குள்ள கோபம் நியாயமானது.

படி 9: வந்து சேர்ந்த பிறகு

முதலில் யாத்ரீகர் அலுவலகம், பேராலயத்துக்கு அருகே ருவா தாஸ் கர்ரெத்தாஸ் தெருவில். போகும் முன்பே இணையத்தில் பதிவு செய்துவிட்டால் நேரம் மிச்சம். "எதற்காக நடந்தீர்கள்?" என்று கேட்பார்கள். சமய அல்லது ஆன்மிகக் காரணம் என்றால் லத்தீனில் எழுதிய கொம்போஸ்தெலா கிடைக்கும், காசில்லை. கிறிஸ்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. சுற்றிப்பார்க்க நடந்தேன் என்றால் வேறொரு வரவேற்புச் சான்றிதழ் தருவார்கள்.

முதுகுப்பையோடு பேராலயத்துக்குள் விடமாட்டார்கள், விடுதியில் வைத்துவிட்டுப் போங்கள். பகல் 12 மணிக்கு யாத்ரீகர் திருப்பலி. எட்டுப் பேர் கயிறிழுத்து ஆட்டும் பெரிய தூபக்கலசத்தை எதிர்பார்த்துப் பலர் போய் ஏமாறுகிறார்கள். அது தினமும் ஆடாது, முக்கியமாகக் குறிப்பிட்ட திருநாட்களில் ஆடும். 12-ஆம் நூற்றாண்டில் மாஸ்டர் மத்தேயு செதுக்கிய மகிமை வாசலுக்குத் தனி டிக்கெட், முன்கூட்டியே வாங்குங்கள்.

திரும்பும் விமானத்தை வந்துசேரும் நாளுக்கே போடாமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். கால் நன்றாக இருந்தால் அந்த நாளில் சுமார் 90 கி.மீ. தள்ளியிருக்கும் கடற்கரை ஊர் ஃபினிஸ்தெர்ரேவுக்குப் பஸ்ஸில் போய் வரலாம். மழை நின்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.