கட்டட வேலைச் செலவுக் குறியீடுகளை மென்பொருளில் ஒழுங்குபடுத்தும் முறை

எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்று பிரித்துப் பதிய உதவும் எண்களே செலவுக் குறியீடுகள். கட்டுமான மென்பொருளை வாங்கியதும் அதில் ஆயத்தமாக இருக்கும் குறியீட்டுப் பட்டியலை அப்படியே ஏற்றிக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கட்டுமான வேலைகளை எண் கொடுத்து வகைப்படுத்த வட அமெரிக்காவில் வழங்கும் மாஸ்டர்ஃபார்மட் வரிசை, 2004-க்கு முன் 16 பிரிவுகளோடு இருந்து, பின்னர் 00 முதல் 49 வரை விரிந்தது. தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடுகளைக் கட்டும் ஒப்பந்ததாரருக்கு அதில் பெரும்பகுதி காலியாகவே கிடக்கும். நம் பொறியாளர்களுக்குப் பழகிய மத்தியப் பொதுப்பணித் துறையின் டெல்லி விலைப்பட்டியலில் மண்வேலைக்கு 2, கான்கிரீட்டுக்கு 4, ஆர்.சி.சி.க்கு (கம்பி வைத்த கான்கிரீட்) 5, தரைக்கு 11, பூச்சு முதலியவற்றுக்கு 13 என்று அத்தியாய எண்கள் உள்ளன. எஸ்டிமேட் இந்த வரிசையில் போடப்பட்டால் செலவுக் குறியீடும் இதே வரிசையில் இருக்கட்டும். எஸ்டிமேட்டில் தனி வரியாக இல்லாத எதற்கும் தனிக் குறியீடு வேண்டியதில்லை.

குறியீடு வேலையைக் குறிக்க வேண்டும். பொருளையோ கடைக்காரரையோ குறிக்கக் கூடாது. ‘சிமென்ட்’ என்று ஒரு குறியீடு வைத்தால், எத்தனை ரூபாய்க்கு மூட்டை வாங்கினோம் என்பது தெரியும். பூச்சு வேலை ஏன் எஸ்டிமேட்டைத் தாண்டியது என்பது தெரியாது. ஆகவே வாங்கும் சிமென்டை முதலில் இருப்பில் ஏற்றி, கொட்டகையிலிருந்து மூட்டை வெளியே போகும்போது அது செங்கல் கட்டுக்கா, பூச்சுக்கா என்று சீட்டில் எழுதி, அந்த வேலையின் கணக்கில் பற்று வைக்க வேண்டும். பொருள், கூலி, வாடகை, துணை ஒப்பந்தம் ஆகிய செலவு வகைகள் குறியீட்டோடு கலக்காமல், மென்பொருளில் பதிவின் தனிக் கட்டமாகவே (ஃபீல்டு) இருக்கட்டும்.

ரூஃப் கான்கிரீட் போடும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ஆர்.சி.சி.யின் அத்தியாய எண்ணான 5-ஐ முன்னால் வைத்து, சென்ட்ரிங்குக்கு (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுப் பலகை வேலை) 05-10, கம்பிக்கு 05-20, கான்கிரீட்டுக்கு 05-30 என்று வைத்தால், கம்பி கட்டிய கூலி 05-20-இல் கூலியாகவும், ரெடிமிக்ஸ் பில் 05-30-இல் பொருளாகவும், வைப்ரேட்டர் வாடகை அதே 05-30-இல் வாடகையாகவும் விழும். அன்றைக்கு வாங்கிய டீயும் வடையும் எங்கே என்று கேட்பவர்களுக்கு, சைட் பொதுச் செலவு என்பதே என் பதில். அதை மூன்றாகப் பங்கிட உட்கார்ந்தால் சூப்பர்வைசர் அடுத்த வாரம் பதிவு செய்வதையே விட்டுவிடுவார். எண்களுக்கிடையே பத்துப் பத்தாக இடைவெளி விட்டிருப்பது, பின்னால் 05-15 தேவைப்படும்போது உதவும்.

ரூபாயோடு அளவையும் பதியாவிட்டால் பாதிப் பயன்தான். கம்பிக்குக் கிலோ, சென்ட்ரிங்குக்குச் சதுர மீட்டர், கான்கிரீட்டுக்குக் கன மீட்டர் என்று ஒவ்வொரு குறியீட்டுக்கும் அலகைத் தொடக்கத்திலேயே நிர்ணயித்துவிட வேண்டும்.

‘இதர செலவு’ என்ற குறியீட்டைத் தவிர்க்க முடியாது, ஆனால் மாதம் ஒருமுறை அதைத் திறந்து, உரிய வேலைகளுக்கு மாற்ற வேண்டும். ஒரு சைட்டில் நான் அப்படிப் பார்த்தபோது, ஒரு லோடு கம்பியே அதற்குள் கிடந்தது.

பட்டியலை எக்செல்லிலிருந்து ஏற்றுவதற்கு முன் குறியீட்டு நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுவது அவசியம். மாற்றாவிட்டால் 05-10 என்பது தேதியாகத் திரிந்துவிடும். ஒருமுறை பதிவு விழுந்த குறியீட்டை வேறு வேலைக்குப் பெயர் மாற்றாமல் செயலிழக்கச் செய்துவிட்டுப் புதிய எண் கொடுக்க வேண்டும்; அந்த மாற்றத்தையும் அடுத்த சைட் தொடங்கும்போது செய்வதே நல்லது.